மச்சாளின் காணியில் உங்கள் நகை

கேள்வி: நல்லூரில் என் கணவரின் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். மச்சாள் குடும்பத்துடன் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறார். அவர் சொன்னதால் பின்வளவில் ஓர் அனெக்ஸ் கட்டி, இணையத்தளம் மூலம் நாள் வாடகைக்கு விடுகிறோம். அதற்காக நகையை அடைவு வைத்து எடுத்த கடன் 10 இலட்சம் ரூபா. இப்போது ஏசி பூட்டி, முற்றத்தை அழகுபடுத்தி, ‘பூட்டிக் வில்லா’ ஆக்கச் சொல்கிறார். தங்கத்தின் விலை ஏறியிருப்பதால் அதே நகையில் இன்னும் 5 இலட்சம் எடுக்கலாம் என்கிறார்கள். எடுக்கட்டுமா? — ஒரு வாசகி, நல்லூர்.

பதில்: எடுக்க வேண்டாம், சகோதரி. அடைவின் வட்டியும் தவணையும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல என்பதால் அவற்றை விளக்கப்போவதில்லை. தங்கத்தின் விலை ஏறும்போதெல்லாம் பழைய அடைவுச் சீட்டைப் புதுப்பித்து, மேலதிகப் பணத்தையும் எடுத்துக்கொண்டு வரும் வழக்கம்தான் உங்களை அரிக்கிறது. விலையேற்றத்தால் கிடைத்த இலாபம் என்று நீங்கள் நினைக்கும் அந்தப் பணம் முழுவதும் கடன். அதுவும் இன்னொருவருடைய காணிக்குள் போய்ச் சேர்கின்ற கடன்.

நீங்கள் எழுதிய விபரங்களை வைத்துக் கணக்கைப் பார்ப்போம். மாதத்தில் சராசரியாக எட்டு இரவுகள், ஓர் இரவுக்கு 5,000 ரூபா எனில் வரவு 40,000. இணையத்தளத்தின் தரகு ஏறத்தாழ 6,000, மின்சாரம் 8,000, துப்புரவும் சலவையும் காலைச் சாப்பாடும் 9,000 போக 17,000 மிஞ்சும். 10 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 16 வீத வட்டி என்றால் மாதம் 13,300 ரூபா அங்கே போகிறது. கையில் நிற்பது 3,700. கடன் 15 இலட்சமானால் வட்டியே 20,000 ஆகிவிடும். ஏசி வந்தபின் மாத மின்பாவனை 180 அலகைத் தாண்டினால் வீட்டுப் பாவனையின் மிக உயர்ந்த கட்டணப் படிக்குள் நீங்கள் போவீர்கள் என்பதை இதில் நான் சேர்க்கவேயில்லை. ‘வில்லா’ என்று பெயர்ப்பலகை மாட்டியதால் மட்டும் எட்டு இரவுகள் பதினாறாகப் போவதில்லை.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் மச்சாள் குடும்பத்தினர் வந்து அனெக்ஸில் இலவசமாகத் தங்குகிறார்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அயலில் வெறும் அறைகூட வெறுமையாகக் கிடக்காத நாட்கள் அவை. இரவுக்கு 8,000 வீதம் கணக்கிட்டாலும் 2 இலட்சம் வருகிறது. உங்கள் முழு ஆண்டு வட்டி 1 இலட்சத்து 60 ஆயிரம்தான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். காணி உறுதி மச்சாளின் பெயரில் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதால், வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய “நீங்களே வைச்சு நடத்துங்கோ” என்ற குரல்பதிவு உங்களுக்கு எந்தக் குத்தகை உரிமையையும் தராது. மாநகர சபையின் கட்டட அனுமதியைப் பற்றியோ, அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டியிருப்பதாகச் சபை தரும் இணக்கச் சான்றிதழைப் பற்றியோ கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அனுமதியின்றி எழுப்பிய கட்டடத்தை இடிப்பதற்கு நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை பெற நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் இடமளிக்கிறது. சுற்றுலாப் பயணிகளைத் தங்கவைப்பதற்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவதென்றாலும் உரிமைப் பத்திரமும் சபையின் ஆவணங்களும் கையில் இருக்க வேண்டும். புதிய மலக்குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டினீர்கள் என்பதையும் அளந்து பாருங்கள். நம்முடைய சுண்ணக்கல் நிலத்தில் கழிவு கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக காலம் எடுக்காது.

ஆகவே மச்சாளிடம் இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். நகையை மீட்டுத் தந்து அனெக்ஸைத் தனதாக்கிக்கொள்ளட்டும். 10 இலட்சம் என்பது கனேடிய டொலரில் ஐயாயிரத்தை ஒட்டிய தொகைதான். அதற்கு மனமில்லையென்றால், ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் அற்றோணித் தத்துவத்தில், அதாவது தன் சார்பில் இங்குள்ள ஒருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் பத்திரத்தில், கையொப்பமிட்டு அனுப்பட்டும். அதைக் கொண்டு பத்து ஆண்டுக் குத்தகை உறுதி ஒன்றை இங்கே முடித்துக்கொள்ளலாம். திருவிழாக் காலத்தில் தங்குவதானால் வாடகை உண்டு என்ற நிபந்தனையும் அதில் இருக்கட்டும். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஏலத்தில் போவது உங்கள் தாலிக்கொடி.

குத்தகை உறுதி கிடைத்தபின், திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ வங்கிக்கோ போய்வரும் ஒருவருக்கு மாத வாடகைக்கு விடுவதையும் யோசியுங்கள். 22,000 கிடைத்தாலே, அவருடைய மின்சாரத்தை அவரே கட்டுவார் என்பதால், வட்டி போக 8,700 மிஞ்சும். தரகு இல்லை, தினமும் படுக்கை விரிப்புத் துவைக்கும் வேலையும் இல்லை. அந்த மீதியை மாதாமாதம் அடைவுக் கடனின் முதல் தொகைக்கே கட்டி, சிறிய சீட்டிலுள்ள நகையை முதலில் மீட்டு எடுங்கள். மச்சாள் ஆவணித் திருவிழாவுக்கு விமானச்சீட்டுப் பதிவதற்கு முன்னரே இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.