பெய்ரா வரை கப்பல் போகும், பலோம்பேவுக்கு யார் கொண்டுபோவது?

கேள்வி: நான் கோவையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். என் அக்கா கன்னியாஸ்திரி. ஆறு வருடமாக மலாவி நாட்டில் பலோம்பே மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பள்ளி நடத்துகிறார். நண்பர்கள் சேர்ந்து 60 மூட்டை பழைய துணி, 2,000 நோட்டு, 12 பழைய கம்ப்யூட்டர், கால் மிதி தையல் மெஷின் 5, கொஞ்சம் மருந்து என்று சேர்த்து வைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸுக்குள் பிள்ளைகள் கையில் சேர வேண்டும். கப்பல் ஏஜென்ட் ஒருவர் பெய்ரா துறைமுகம் வரை விலை சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அதற்கு மேல் என்று சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள் சார், இந்த வேலையில் முக்கால்வாசி அதற்கு மேல்தான் இருக்கிறது. மலாவியின் பிளான்டயர் நகரத்தில், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவிக்கும் கிளியரிங் வேலையில் ஒன்பது வருடம் இருந்தவன் நான். உங்களுடையதைப் போன்ற நல்லெண்ண மூட்டைகள் எத்தனையோ கண் முன்னால் மக்கிப் போயிருக்கின்றன, அதனால் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பூகோளம். மலாவிக்குக் கடல் கிடையாது. பெய்ரா இருப்பது பக்கத்து நாடான மொசாம்பிக்கில். தூத்துக்குடியில் ஏற்றினால் பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறும், பெய்ராவில் இறங்கிய பிறகு லாரி சிமோயோ, தேத்தே வழியாகப் போய் சாம்பேசி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சோபுவே எல்லையைக் கடந்து மலாவியின் முவான்சாவுக்குள் நுழைந்து பிளான்டயர் சேர வேண்டும். 800 கிலோமீட்டருக்கு மேல் வரும். இரண்டு நாட்டுச் சுங்கம். மொசாம்பிக்கில் சரக்கு முத்திரை உடையாமல் கடந்துபோக வேண்டும், வரிக் கணக்கு மலாவியில்தான். இந்தப் பாதையை நம்பி நாள் குறிக்காதீர்கள். 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ராவையே புரட்டிப்போட்டது, 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு மொசாம்பிக்கில் நடந்த போராட்டங்களில் சாலைகள் அடைபட்டு லாரிகள் அப்படியே நின்றன. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே கோவையிலிருந்து பிளான்டயருக்கு இரண்டரை மாதத்திலிருந்து நான்கு மாதம் என்பது என் அனுபவக் கணக்கு.

இருந்தாலும் இந்த 800 கிலோமீட்டரைக் காசு கொடுத்தால் கடந்துவிடலாம், அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்தாலும் நகராத இடம் இரண்டு. ஒன்று சுங்க மேஜை, இன்னொன்று கிராமத்துக்கு முந்தைய கடைசி ஓடை.

சுங்க மேஜையில் முதல் கேள்வி, சரக்கு யார் பேரில் வருகிறது என்பது. கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுகிறவர், என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் தயவுசெய்து உங்கள் அக்கா பெயரைப் போடாதீர்கள். தனி ஆள் பெயரில் 60 மூட்டை வந்தால் அது வியாபாரச் சரக்கு மாதிரிதான் பார்க்கப்படும், வரி விலக்குக் கேட்க வழியே இருக்காது. அதோடு, கன்னியாஸ்திரிகளுக்கு மாற்றல் வரும். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது சபை அவரை சாம்பியாவுக்கு அனுப்பிவிட்டது என்று வையுங்கள், கையெழுத்துப் போட ஆளில்லாமல் சரக்கு கிடங்கில் கிடக்கும், ஒவ்வொரு நாளும் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறும். இப்படி ஒன்றை நானே பார்த்தேன். கிடங்கு வாடகை பொருளின் மதிப்பைத் தாண்டிய பிறகு, அனுப்பியவர்களே போதும் சாமி என்று விட்டுவிட்டார்கள். அதனால் மலாவியில் முறையாகப் பதிவான அமைப்பின் பெயரில்தான் அனுப்ப வேண்டும். அக்காவின் சபையோ மறைமாவட்டமோ அப்படிப் பதிவு வைத்திருக்கும், அங்கே கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

நன்கொடை என்று எழுதிவிட்டால் வரி கிடையாது என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. விலக்கு தானாக வராது, பெறுகிற அமைப்பு முன்கூட்டியே விண்ணப்பித்து எழுத்தில் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் உங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழாதவரை கோவையில் ஒரு மூட்டையைக்கூட லாரியில் ஏற்றாதீர்கள். "கிடைத்துவிடும், நீங்கள் அனுப்புங்கள்" என்று யார் சொன்னாலும் சரி, அக்காவே சொன்னாலும் சரி.

இன்வாய்ஸில் "மதிப்பு: பூஜ்யம்" என்று போடுவதும் இங்கிருந்து செய்யும் வழக்கமான தவறு. இலவசமாகக் கொடுக்கிறீர்கள் என்பதற்காகப் பொருளுக்கு மதிப்பில்லாமல் போகாது, நீங்கள் போடாவிட்டால் அதிகாரி போடுவார், அவர் போடுவது உங்கள் கணக்கைவிடக் கூடத்தான் இருக்கும். பேக்கிங் லிஸ்ட்டில் "பலவகைப் பொருட்கள்" என்ற சொல்லே வரக்கூடாது. ஒருமுறை பிளான்டயர் கிடங்கில் 17-ஆம் எண் அட்டைப்பெட்டியைப் பிரித்தார்கள். பட்டியலில் பொம்மை என்று இருந்தது. பொம்மை இருந்ததும் உண்மைதான், அதற்கு நடுவே யாரோ ஆசையாகச் செருகிய இருமல் மருந்து ஒரு பாட்டிலும் நாலு அட்டை காய்ச்சல் மாத்திரையும் இருந்தன. அவ்வளவுதான், மீதி 90 பெட்டியையும் திறந்து தரையில் பரப்ப வேண்டியதாயிற்று. மூன்று நாள் போனது. திரும்பக் கட்டியபோது எந்தப் பெட்டியில் எது என்று எங்களுக்கே தெரியவில்லை.

மருந்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுப்பவே வேண்டாம். நன்கொடை மருந்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது, போய்ச் சேரும்போது காலாவதிக்கு இன்னும் ஒரு வருடமாவது இருக்க வேண்டும், பெறுகிறவர்கள் கேட்ட மருந்தாகவும் இருக்க வேண்டும். டாக்டர் நண்பர் கொடுத்த சாம்பிள் அட்டைகள் இரண்டிலுமே தேறாது, அதற்காக மொத்தச் சரக்கும் மாட்டும்.

அடுத்து அந்த 60 மூட்டைத் துணி. இதைச் சொன்னால் உங்கள் நண்பர்களுக்கு வருத்தமாக இருக்கும். பழைய துணிக்கு மலாவியில் பஞ்சமே கிடையாது. கௌஞ்சிகா என்று அதற்கு சிச்சேவா மொழியில் பேரே உண்டு, பிளான்டயரை ஒட்டிய லிம்பே சந்தையில் குவியல் குவியலாகக் கிடக்கும், பேல் பேலாகக் கப்பலில் வந்து இறங்குகிறது. வேடிக்கை என்னவென்றால் மேற்கு நாட்டுப் பழைய துணி நம் குஜராத் காண்ட்லாவுக்கு வந்து, அங்கே தரம் பிரிக்கப்பட்டு, ஆப்பிரிக்கச் சந்தைகளுக்கு ஏற்றுமதியாவது பல வருடமாக நடக்கும் தொழில். நீங்கள் அந்தத் தொழிலோடு போட்டி போட்டு, அதுவும் நஷ்டத்தில், 60 மூட்டையை அனுப்பப் போகிறீர்கள். கோவையிலேயே கொடுக்க இடம் இருக்கும், கொடுத்துவிடுங்கள்.

பள்ளிச் சீருடைதான் தேவை என்று அக்கா சொன்னால் லிம்பேயில் மொத்தத் துணிக்கடைகள் இருக்கின்றன, பல தலைமுறையாக அங்கே இருக்கும் குஜராத்திக் குடும்பங்களின் கடைகளும் உண்டு. துணியாக வாங்கி கிராமத்துக்குப் பக்கத்துக் கடைத்தெருத் தையல்காரர்களிடம் கொடுங்கள். அங்கே கடைத் திண்ணையை கோண்டே என்பார்கள், அதில் வரிசையாகக் கால் மிதி மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், அளவெடுத்தே தைத்துத் தருவார்கள். நோட்டும் அப்படித்தான், பிளான்டயரில் வாங்கலாம். கோடு போட்ட நோட்டுக்குக் கப்பல் கூலி கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு நல்ல சேதி, மலாவியிலும் நம்மைப் போல 230 வோல்ட்தான், பிளக் மட்டும் பிரிட்டிஷ் வகை, மூன்று சதுரக் கால். ஆனால் பள்ளியில் மின்சாரம் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை, எனக்கு சந்தேகம்தான். சோலார் என்றால் பழைய டெஸ்க்டாப் தின்கிற மின்சாரத்துக்கு பேட்டரி தாங்காது. 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, வளரும் நாடுகள் 16-இல் மருத்துவமனைக் கருவிகளில் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவானவை ஓடாமல் கிடப்பதாகக் கணக்குச் சொன்னது. அது மருத்துவக் கருவி. பள்ளிகளுக்குப் போன பழைய கம்ப்யூட்டருக்கு யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை, நான் பார்த்த ஒரு பள்ளியில் மானிட்டர்களை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சரி, அந்தக் கடைசி ஓடைக்கு வருவோம்.

பலோம்பே, முலாஞ்சே மலைக்கு வடக்கே இருக்கிற சமவெளி. மலை உச்சி 3,000 மீட்டர். மேலே மழை பெய்தால் தண்ணீர் அப்படியே கீழே பாயும். 1991 மார்ச்சில் வந்த வெள்ளமும் மண்சரிவும் அந்த மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல், ஆறு மாத மழை ஆறு நாளில் கொட்டியது, தெற்கு மலாவியில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், 500 பேருக்கு மேல் காணாமல் போனார்கள். இவை பெரிய ஆண்டுகள். சாதாரண ஆண்டிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைதான், மண் சாலைகளில் மத்தோப்பே என்று அவர்கள் சொல்லும் சேறு லாரிச் சக்கரத்தைப் பாதி விழுங்கும். உங்கள் கிறிஸ்துமஸ் இதற்கு நட்ட நடுவில் வருகிறது.

ஒரு ஜனவரியில் நான் போன லாரி, ஓடையின் சின்னக் கான்கிரீட் பாலம் ஒரு பக்கம் சரிந்திருந்ததால் அக்கரைக்குப் போக முடியாமல் நின்றது. கிராமம் இன்னும் ஒன்பது கிலோமீட்டர். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, இவ்வளவுதான் என் வேலை என்று சொல்லி வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். பிறகு கபாசாக்காரர்கள் வந்தார்கள், வாடகை சைக்கிள் ஓட்டுகிறவர்கள், பின்னால் கேரியரில் ஆளை உட்காரவைத்துப் போவார்கள். ரப்பர் டியூபால் பெட்டியைக் கட்டி, ஓடைக்குள் இறங்கும்போது ஒருவர் ஹேண்டிலையும் ஒருவர் பெட்டியையும் பிடித்துக்கொண்டு, 43 பெட்டியை இருட்டுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரண்டு பெட்டி மட்டும் நனைந்தது. கூலி பேசிய பிறகு யாரும் ஒரு காசு கூடக் கேட்கவில்லை. அந்தச் சரக்கு கோவையிலிருந்து வந்த கம்ப்யூட்டராக இருந்திருந்தால் அதே லாரியில் திரும்பிப் போயிருக்கும்.

அதனால் மே முதல் அக்டோபர் வரையில் ஒரு மாதத்தைப் பிடியுங்கள். பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது, ஆகஸ்டில் சேர்ந்தால் சீருடையும் நோட்டும் சரியான நேரத்தில் கையில் இருக்கும். லாரி பேசும்போது பிளான்டயர் வரை என்று பேசாமல் பள்ளி வாசல் வரை என்று பேசுங்கள், டீசல் யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், அங்கே டீசல் கிடைக்காத வாரங்கள் உண்டு.

ஊருக்குள் போன பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஊர்த் தலைவர், மஃபூமு என்பார்கள், அவரிடம் முதல் நாளே அக்கா போய்ச் சொல்லியிருக்க வேண்டும், லாரி வந்து நின்ற பிறகு சொன்னால் மரியாதைக் குறைவு. எண்ணிக்கையும் முக்கியம். 312 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு 280 பை வந்த ஒரு நாளை நான் மறக்க மாட்டேன், அந்த 32 பிள்ளைகளின் அம்மாக்கள் தலைமையாசிரியரிடம் ஒரு மாதம் பேசவில்லை. எல்லோருக்கும் போதாது என்றால் ஆளுக்கொன்றாகப் பிரிக்கிற பொருளைக் கொண்டுபோகவே போகாதீர்கள், பள்ளிக்குப் பொதுவாக இருக்கிற பொருளைக் கொடுங்கள்.

பணமாக அனுப்பலாமா என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். அனுப்பலாம், தனி நபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் நன்கொடையாக அனுப்ப வழி இருக்கிறது, நீங்கள் வங்கிக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறக்கட்டளை வழியாக மட்டும் போகாதீர்கள், வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை வெளிநாட்டில் செலவு செய்ய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கு விலக்கு போய்விடும். ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். மலாவியின் நாணயமான குவாச்சாவின் மதிப்பு 2023 நவம்பரில் குறைக்கப்பட்டபோது டாலர் விலை ஒரே நாளில் 44 சதவீதம் ஏறியது, அதனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் அனுப்பிக் கணக்கில் போட்டு வைக்காமல், வாங்குகிற சமயத்தில் அனுப்புங்கள்.

மிச்சம் இருப்பது ஐந்து தையல் மெஷின். இதற்காக மட்டும் கப்பலா என்றால், வேண்டாம். கால் மிதி மெஷின் அங்கேயே விற்கிறது. வாங்கிய மெஷின் முதலில் நிற்பது ஊசிக்கும் பாபினுக்கும் மிதியிலிருந்து சக்கரத்துக்கு ஓடும் தோல் பெல்ட்டுக்கும்தான், கிராமத்தில் இவை சட்டென்று கிடைக்காது. அடுத்த முறை அக்கா லீவில் வரும்போது அந்த மெஷினின் மாடலை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதற்கேற்ற உதிரிகளை டவுன்ஹாலில் வாங்கிவிடலாம், அவர் பெட்டியில் ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இடம் பிடிக்கும், ஐந்து மெஷினுக்கு இரண்டு வருடம் வரும்.