அப்பா பெயரில் ஒரு மரம்

கேள்வி: அப்பா தவறி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் தினமும் நடக்கப்போகும் பூங்காவில் ஒரு மரம் நட்டு, பெயர்ப்பலகை வைக்க ஆசை. யாரிடம் கேட்பது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக வைக்கலாம்மா. ஆனால் அது மாநகராட்சி இடம். முதலில் ஆணையருக்கு மனு கொடுத்து, அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். எந்த இடம், என்ன மரம், யார் தண்ணீர் ஊற்றுவது, பலகை எவ்வளவு பெரிது எல்லாம் மனுவிலேயே இருக்கட்டும்.

நான் புங்கைதான் சொல்வேன். நல்ல நிழல், நம்ம ஊர் வெயிலையும் தாங்கும். ஈரமான இடம் என்றால் மருதம். தாமிரபரணிக் கரையில் பார்த்திருப்பீர்களே. ஐப்பசி மழை விழுந்ததும் நட்டால் சித்திரைக்குள் வேர் பிடித்துவிடும்.

அப்புறம் பலகை. அதை மரத்தில் மாட்டவே கூடாது. எங்கள் அம்மாவுக்காக வைத்த வேம்பில் தகட்டைக் கம்பி சுற்றிக் கட்டிவிட்டார்கள். சில வருஷத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்து, பிசின் வடிந்து நின்றது. பார்த்து அழுதுவிட்டேன். அடிமரத்திலிருந்து மூன்றடி தள்ளி, தரையில் சின்னதாக ஒரு கருங்கல் பதித்து, அதில் பெயரைக் கொத்திவிடுங்கள்.

முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ரொம்ப முக்கியம். அப்பா நடக்கப்போகும் நேரத்துக்கே நீங்களும் ஒரு குடத்தோடு போங்கள்.