பர்ல் ஐவ்ஸை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி: 'எ ஹாலி ஜாலி கிறிஸ்துமஸ்' பாட்டு வழியாகத்தான் பர்ல் ஐவ்ஸ் எனக்குப் பழக்கம். நாட்டுப்புறப் பாடகர், ஆஸ்கர் வாங்கிய நடிகர் என்றும் படித்தேன். தேடினால் ஒரே பாட்டு பல விதமாக வருகிறது. எதைக் கேட்பது, எந்தப் படத்தைப் பார்ப்பது?

பதில்: கிறிஸ்துமஸ் பாட்டை ஓரமாக வையுங்கள். அது 1964இல், அவருடைய 55ஆவது வயதில், ஒரு தொலைக்காட்சிப் படத்தில் பனிமனிதனுக்குக் குரல் கொடுத்தபோது பாடியது. நீங்கள் கேட்டது பெரும்பாலும் 1965 மறுபதிவாக இருக்கும்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1909இல் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, 1930களின் தொடக்கத்தில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் கையுமாக ஊர் ஊராகச் சுற்றினார். 1940இல் சி.பி.எஸ். வானொலியில் சொந்த நிகழ்ச்சி கிடைத்தது. கிடாரை மட்டும் துணைக்கு வைத்து 1940களில் பாடியவற்றிலிருந்து தொடங்குங்கள். அதே பாட்டுகளை வெவ்வேறு கம்பெனிகளுக்குத் திரும்பத் திரும்பப் பாடியதால்தான் இந்தக் குழப்பம். தொகுப்புகளின் அட்டையில் இருப்பது வெளியான ஆண்டு. பதிவான ஆண்டை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பத்து விநாடி கேளுங்கள். பின்னால் கோரஸும் வயலின்களும் நுழைந்தால் அநேகமாகப் பிற்காலப் பதிவு.

கிடார் வாசிப்பீர்களானால் 'புளூ டெயில் ஃபிளை' எடுக்கலாம். ஜி, சி, டி7 என்ற மூன்று கார்டுகள் போதும். ஆளின் பருமனைப் பார்த்துக் கட்டைக் குரல் என்று நினைக்காதீர்கள், அது இலகுவான டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல் வகை. உங்களுக்குத் தொண்டை இறுகினால் டி, ஜி, ஏ7 என்று இறங்கிவிடுங்கள்; கிடாரின் கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற கிளிப் சுருதியை ஏற்றுமே தவிர இறக்காது. இன்னொன்று: வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பர் வேஷம் கட்டிய 1840களின் மேடைக்கூத்திலிருந்து வந்த பாட்டு இது. மேடையேற்றுமுன் யோசியுங்கள்.

அவரைப் பற்றிப் படிக்கும்போது 1952ஐத் தவிர்க்க முடியாது. கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவுடன் ஒத்துழைத்துச் சாட்சி சொன்னார். நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் உள்ளிட்ட பழைய தோழர்கள் மன்னிக்கவில்லை. 1993இல்தான் நியூயார்க்கில் ஐவ்ஸும் சீகரும் சேர்ந்து பாடினார்கள், ஐவ்ஸ் இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு. நல்ல பாடகர் என்பதற்காக இதை மழுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

படங்களில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்' படத்தின் பிக் டாடி வேடத்துக்காக ஆஸ்கர் கிடைத்ததாக எழுதிவிடுகிறார்கள். அது கிடைத்தது அதே 1958இல் வந்த 'தி பிக் கன்ட்ரி'க்கு, துணை நடிகர் பிரிவில். ஆனாலும் பிக் டாடியை முதலில் பாருங்கள். 1955இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் அவரே ஏற்ற வேடம்; 65ஆவது பிறந்தநாள் கொண்டாடும் கிழவராக நடித்தபோது அவருக்கு வயது 45. அடுத்து 'தி பிக் கன்ட்ரி'. எதிரியின் விருந்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்து, ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னால் அவனை வார்த்தையால் உரிக்கிற காட்சி ஒன்றே போதும். கைப்பேசியில் மட்டும் வேண்டாம். அகலத்திரைக்காக எடுத்த படம், தூரத்துக் காட்சிகளில் ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள்.