அப்பாவின் மேட்டடாருக்கு என்ன விலை சொல்வது?

அன்புள்ள ஐயா,

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். அப்பா 1986-ல் வாங்கிய டெம்போ மேட்டடார் வேன் இன்னும் எங்களிடம் ஓடுகிறது. வெள்ளை போர்டு, டீசல். அப்பா காலமான பிறகு நான் அதைக் குடும்பத்தோடு தங்கிப் பயணம் போகும் வண்டியாக மாற்றினேன். கரூரில் பஸ் பாடி கட்டும் ஒருவரிடம் மடக்குக் கட்டில், அலமாரி, சின்ன சிங்க் எல்லாம் செய்தேன். கூரையில் 300 வாட் சோலார், உள்ளே 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, ஆசைக்கு ஒரு பித்தளை விளக்கு. பழைய இன்ஜின் கைவிட்டதும் ட்ராக்ஸ் என்ற ஜீப் வகை வண்டியின் இன்ஜின் போட்டோம். பவர் ஸ்டீயரிங்கும் வைத்தோம். மொத்தம் 8 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். டிரைவர் காலடியில் கொஞ்சம் துரு, இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு, அவ்வளவுதான் குறை.

இப்போது அடுக்குமாடி வீட்டுக்கு மாறுகிறோம். அங்கே வேனுக்கு இடமில்லை. 9 லட்சம் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு புரோக்கர் 2 லட்சம் என்கிறார். வெளிநாட்டில் இதே மாதிரி பழைய ஃபோக்ஸ்வேகன் வேன்கள் நல்ல விலைக்குப் போகின்றனவே! கோவையிலிருந்து ஒரு தம்பதியும் குருகிராமிலிருந்து ஒருவரும் விசாரித்தார்கள். என்ன விலை சொல்வது, விளம்பரத்தில் என்ன எழுதுவது, வாங்குகிறவர் இதை உடைத்து விற்காமல் இருக்க ஏதாவது எழுதி வாங்கிக்கொள்ள முடியுமா?

க.ரா., அல்சூர்

*

அன்புள்ள க.ரா.,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது விலை இல்லை, அந்த ட்ராக்ஸ் இன்ஜின். அதன் நம்பர் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஏறியிருந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஏறவில்லை என்றால் விளம்பரத்தை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள்.

வாங்க வருகிற ஆள் பேனட்டைத் திறப்பார். இன்ஜினில் அடித்திருக்கும் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுவார். பொருந்தவில்லை என்றால் அவர் மனதில் வரும் முதல் சந்தேகம் திருட்டு இன்ஜின். உங்கள் அப்பாவின் கதையெல்லாம் அதற்கப்புறம் காதில் ஏறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். தாமதமானால் அபராதம் கேட்பார்கள், கட்டுங்கள். இன்ஜின் வாங்கிய பில், பொருத்திய ஒர்க்‌ஷாப்பின் ரசீது இரண்டையும் தேடி எடுத்துக்கொண்டு நேரில் போய் ஆய்வாளரைப் பாருங்கள். பில் கிடைக்கவில்லை என்றால் விற்றவரிடம் நகல் கேட்டு அலையத்தான் வேண்டும். அந்த அலைச்சல் உங்களுடையதாக இருக்கட்டும். வாங்குகிறவர் தலையில் கட்டினால் அவர் விலையில் ஒரு லட்சத்தைக் கழித்துவிடுவார், அதில் நியாயமும் இருக்கிறது.

அதே பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்று. காரை வேனாகவும் வேனை வீடாகவும் மாற்றும் ஆசை நம் ஊரில் பெருகிவரும் நேரத்தில் வந்த தீர்ப்பு அது. உங்கள் கட்டிலும் அலமாரியும் போல்ட் போட்டு முடுக்கியவையா, பாடியோடு வெல்டிங் வைத்தவையா? கழற்றி எடுக்கக் கூடியவை என்றால் அவை வண்டிக்குள் இருக்கும் சாமான் என்று வாதாடலாம். கூரையை அறுத்து உயர்த்தியிருந்தாலோ, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் இருக்கைகளை நிரந்தரமாகக் குறைத்திருந்தாலோ கதை வேறு. எது எப்படி இருந்தாலும் வருகிறவரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். கழற்றி வைத்த பழைய சீட்டுகள் எங்காவது பரணில் கிடந்தால் எடுத்துத் துடைத்து வையுங்கள். வண்டியோடு அவற்றையும் கொடுப்பது பெரிய வரவு.

சரி, விலைக்கு வருகிறேன்.

ஃபோக்ஸ்வேகனை மறந்துவிடுங்கள். அது 1950-லிருந்து ஜெர்மனியில் வரிசையாக வந்தது, பிரேசிலில் 2013 வரை உற்பத்தி நடந்தது. வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் 1951 முதலே அதைப் படுக்கை வசதியோடு மாற்றித் தந்தது. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வந்த இளைஞர்கள் பலர் வந்த வண்டி அது. 1979-ல் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் நிலைமை மாறியதும் அந்த வழியே அடைபட்டது. அந்த நினைவுக்குத்தான் இன்று பணம் கொடுக்கிறார்கள். உதிரிபாகமும் புதிதாகக் கிடைக்கிறது, பேச ஆளும் இருக்கிறார்கள். மேட்டடாரும் ஜெர்மன் வழி வந்ததுதான். ஹாம்பர்க் டெம்போ நிறுவனத்தின் வடிவம், புனேயில் பஜாஜ் டெம்போ தயாரித்தது. அந்த நிறுவனம் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால் நம் ஊரில் மேட்டடார் பால் கேன் ஏற்றிய வண்டி, பள்ளிப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போன வண்டி, கல்யாண வீட்டுக்குப் பந்தல் சாமான் இறக்கிய வண்டி. தேயும்வரை உழைத்து இரும்புக் கடைக்குப் போயிற்று. அதற்காக ஏங்கும் கூட்டம் இன்னும் இங்கே சின்னது. உங்களுக்கு வரப்போகும் ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

அந்த 8 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக் வேலைக்குப் போனது வண்டி ஓடுவதற்கான செலவு. அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். நீங்கள் பயணம் போய் அனுபவித்துக் கழித்துவிட்டீர்கள். பேட்டரி, சோலார் பலகை, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் இவற்றுக்கு இன்றைய புது விலையைக் கேட்டுப் பாதி வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கரூர் மர வேலை நன்றாக இருந்தால் அதற்குக் கொஞ்சம். சில்லறைக் கூலி, பெயிண்ட், திரைச்சீலை, நீங்கள் ஆசைப்பட்டு மாட்டிய பித்தளை விளக்கு எல்லாம் பூஜ்யம். புரோக்கர் 2 லட்சம் என்கிறார் என்றால், நேரடியாக வாங்குகிற, விஷயம் தெரிந்த ஆள் வெறும் வண்டிக்கு மட்டும் 3 லட்சம்வரை போகலாம். என் கணக்கில் நாலரை சொல்லி நாலுக்கு முடிப்பது மரியாதையான வியாபாரம். பேட்டரியையும் சோலாரையும் தனியாகக் கழற்றி விற்றால் இன்னும் கொஞ்சம் தேறும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஓட்டை ஓட்டையாக நிற்கும் வேனை வாங்க இரும்புக் கடைக்காரர்தான் வருவார்.

பழைய வண்டி வாங்குகிறவர் உங்கள் செலவுக்காகப் பணம் தருவதில்லை, தன் பயம் குறைந்ததற்காகத் தருகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு விளம்பரம் எழுதினால் வார்த்தை தானாக வரும். 'ஷோரூம் கண்டிஷன்', 'ஒரே கை', 'ஒரு ரூபாய் வேலை இல்லை' எல்லாம் புரோக்கர் பாஷை, படித்ததும் ஆள் உஷாராகிவிடுவார். 'வின்டேஜ்' என்றும் போடாதீர்கள். 2021-ல் வந்த மத்திய விதிப்படி வின்டேஜ் பதிவு 50 வயது கடந்த, அடிச்சட்டமும் பாடியும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்குத்தான். அந்தப் பதிவு கிடைத்தாலும் தினசரி ஓட்ட முடியாது. உங்கள் வண்டிக்கு வயதும் போதாது, இன்ஜினும் வேறு. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

'1986 டெம்போ மேட்டடார், டீசல், வெள்ளை போர்டு, பெங்களூரு பதிவு. ட்ராக்ஸ் இன்ஜின், ஆர்.சி.யில் ஏற்றியது, பில் உண்டு. பவர் ஸ்டீயரிங். இரண்டு பேர் படுக்கலாம், மூன்றாவது ஆள் குழந்தையாக இருந்தால் நல்லது. டிரைவர் காலடித் தகட்டில் துரு, படம் இருக்கிறது. இரண்டாவது கியர் வண்டி சூடாகும்வரை முரண்டு பிடிக்கும். ஏசி கிடையாது. காலையில் வாருங்கள், உங்களுக்கு முன் நான் ஸ்டார்ட் செய்து வைக்க மாட்டேன். விலை 4.5 லட்சம்.'

கடைசி வரிக்கு முந்தைய வரிதான் முக்கியம். பழைய டீசல் இன்ஜினின் யோக்கியதை குளிர்ந்த நிலையில் தெரியும். ஹீட்டர் பிளக் சரியாக இருக்கிறதா, எத்தனை சுற்றில் பிடிக்கிறது, புகை எந்த நிறத்தில் வருகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நின்றால் சரி, நிற்காவிட்டால் யோசிக்க வேண்டும். ஜே.சி. ரோடு பக்கம் பழகிய எந்த மெக்கானிக்கும் வந்தவுடன் பேனட்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் கிளம்பிவிடுவார்.

படங்களில் கட்டிலும் தலையணையும் இரண்டு போதும். அடிப்பக்கம், சக்கர வளைவு, கூரை விளிம்பு, துரு இருக்கும் இடம் இவற்றை நிறைய எடுங்கள். பட்டி போட்டு மூடிய இடம் இருந்தால் அதையும் காட்டுங்கள். கன்னடத்திலும் எழுதிப் போடுங்கள். தமிழ் வட்டத்துக்குள் மட்டும் சுற்றினால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

மின்சாரம் ஒன்று பாக்கி. 1000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு வயரிங் செய்கிறவர் கையில் கிடைத்த ஒயரை இழுத்திருந்தால் அது படுக்கைக்கு அடியில் ஒளிந்திருக்கும் நெருப்பு. உங்கள் இன்வெர்ட்டர் எத்தனை வாட் என்று பாருங்கள். ஒயர் தடிமன் அதற்குத் தக்கபடி இருக்கிறதா, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். பிறகு எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் கையால் வரைந்து வையுங்கள். விற்பனையில் அந்தத் தாள் உங்கள் பித்தளை விளக்கைவிடப் பெறும். அடுப்புக்கு வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் வைத்திருந்தால் விற்கும் முன் வெளியே எடுத்துவிடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படுத்துக்கிடக்கும். தரையில் காற்று போக ஓட்டை இல்லாத வண்டியில் எந்த சிலிண்டரும் வேண்டாம்.

வாங்க வந்தவர்கள் இருவரில் குருகிராம்காரரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். டெல்லி சுற்றுவட்டாரத்தில் 10 வயது கடந்த டீசல் வண்டிக்கு எதிராக 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன்பின் தளர்வும் இறுக்கமும் மாறி மாறி வந்தாலும், 1986 டீசலை அங்கே கொண்டுபோய்ப் பதிவு செய்ய நினைக்கிறவர் விவரம் தெரியாதவர், அல்லது பதிவே செய்யாமல் உங்கள் பெயரில் ஓட்டப் போகிறவர்.

இரண்டாவது ரகத்துக்குத்தான் பயப்பட வேண்டும். புரோக்கர் சொன்னார் என்று பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பெயர் நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் பெங்களூரில் சர்வசாதாரணம். கொடுக்காதீர்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், கார் பல கை மாறியிருந்தது, கடைசி ஆளிடம் இருக்கும்போது விபத்து. இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் இருந்தவர் மேல்தான் விழுந்தது, அவர் வண்டியை விற்று இரண்டு வருடம் போல ஆகியிருந்தும். சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள்ளும் வெளி மாநிலத்தில் விற்றால் 45 நாளுக்குள்ளும் நீங்கள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

கோவைத் தம்பதியைத்தான் நான் பிடித்துக்கொள்வேன். அவர்களுக்குப் படிவம் 28-ல் கர்நாடகத் தடையில்லாச் சான்று வேண்டும். அபராத பாக்கி எதுவும் இருக்கக் கூடாது, உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மாட்டியிருக்க வேண்டும். 1986 பதிவு என்பதால் பழைய பேரேட்டிலிருந்து கணினிக்கு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஏறாத பழைய நம்பர்கள் நிறைய. தமிழ்நாட்டில் அவர்கள் சாலை வரி கட்ட வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும் முறை வரும்போது 20 வயது கடந்த கார் வகைக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். இதையெல்லாம் நீங்களே முன்கூட்டி அவர்களிடம் சொன்னால் பேரத்தில் உங்கள் வார்த்தைக்கு மதிப்பு வரும்.

உடைத்து விற்க மாட்டேன் என்று எழுதி வாங்கலாமா என்கிறீர்கள். எழுதலாம், காகிதத்துக்குத்தான் கேடு. விற்ற பிறகு வண்டி அவர்களுடையது, நாளைக்கே பச்சைப் பெயிண்ட் அடித்தாலும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. உங்கள் கையில் இருப்பது யாருக்கு விற்பது என்பது மட்டும். நாலே கால் தருகிறேன் என்று உட்காராமலே பேரம் பேசுகிறவருக்கும், மூன்றே முக்கால்தான் முடியும் என்று சொல்லிவிட்டு டிரைவ் ஷாஃப்ட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்கிறவருக்கும் நடுவில் நான் இரண்டாமவருக்குக் கொடுப்பேன். அந்த ஐம்பதாயிரம் உங்கள் ஆசைக்கு நீங்கள் தரும் விலை. வீட்டில் ஒப்புக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் வண்டியை எடுத்துப் போகும்போது சத்தியமங்கலம் வழி போகிறவர்களாக இருந்தால் திம்பம் மலைப்பாதை இரவில் மூடியிருக்கும், காலையிலேயே கிளம்பச் சொல்லுங்கள். 27 கொண்டை ஊசி வளைவும் இறக்கம். இரண்டாவது கியரில் இன்ஜின் பிடியிலேயே இறக்கச் சொல்லுங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து பிடிப்புப் போய்விடும். உங்கள் இரண்டாவது கியரின் முரண்டை அதற்கு முன் ஒருவரிடம் காட்டிச் சரிசெய்துவிட்டால் நல்லது, விளம்பரத்தில் ஒரு வரியும் மிச்சம்.