வேலையை விட்டபோது அவருக்கு வயது 55

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். கல்லூரி லேத்தில் கேரம் ஸ்ட்ரைக்கர் கடைந்து நண்பர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது படிப்பை நிறுத்திவிட்டு அதையே தொழிலாகச் செய்யப் போகிறேன் என்கிறார். அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நடுவில் நீங்கள். "கோல்ஃப் மட்டை செய்து பெரிய ஆளான கார்ஸ்டன் சோல்ஹைமும் காலேஜை ஒரே வருஷத்தில் விட்டவர்தான்" என்று மகன் வாதாடுகிறாராம். அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். ஆனால் தம்பி இடைவேளைக்கு முன்பே தியேட்டரை விட்டு வெளியே வந்துவிட்டார். மீதிக் கதையை நான் சொல்கிறேன். அவரிடமும் படிக்கக் கொடுங்கள். (நான் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. இந்த மனிதரின் கதையை மட்டும் பல வருடங்களாக மாணவர்களிடம் சொல்லி வருகிறேன்.)

சோல்ஹைம் 1911-இல் நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருந்தபோதே அமெரிக்காவுக்கு வந்தார். சியாட்டிலில் அப்பாவுக்குச் செருப்புத் தைக்கும் தொழில். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தார், ஒரு வருடத்தில் நின்றார். ஏன் நின்றார் என்பதைத் தம்பி கவனிக்க வேண்டும். பெருமந்தக் காலம் அது, கையில் காசில்லை. மனதில் ஒரு பெரிய யோசனை உதித்ததால் அவர் வெளியே வரவில்லை. படிக்க வழியில்லாமல் அப்பாவின் தொழிலுக்கே போய்ச் செருப்புத் தைத்தார். பிறகு வீடு வீடாக ஏறி இறங்கிச் சமையல் பாத்திரம் விற்றார்.

படிப்பை விட்டாரா என்றால், அதுவும் முழுக்க இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வேலை பார்ப்பவர்களுக்காக நடத்திய வகுப்புகளில் சேர்ந்து இன்ஜினியரிங் பாடங்களைப் படித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சான் டியேகோவில் ரையன் விமானக் கம்பெனியில் வேலை. 1953-இல் ஜெனரல் எலக்ட்ரிக். அங்கே கூட வேலை பார்த்தவர்கள் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்று கூப்பிட, முதல்முறையாக கோல்ஃப் விளையாடினார். வயது 42!

பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிவிடும் கடைசி அடி இருக்கிறதே, அதுதான் அவருக்கு வரவே இல்லை. அதற்கென்று இருக்கும் மட்டையின் பெயர் பட்டர். எல்லோரும் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டு இன்னும் நாலு மணி நேரம் பயிற்சி செய்வார்கள். இவர் மட்டையைச் சந்தேகப்பட்டார். அன்றைய பட்டர்களில் எடை பெரும்பாலும் நடுவில் இருக்கும். பந்து நடுவைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் பட்டால் தலைப்பகுதி கையில் திருகும், பந்து கோணலாக ஓடும். எடையை இரண்டு ஓரங்களுக்கும் தள்ளிவிட்டால் என்ன என்று யோசித்தார். தோளில் வெறும் கம்போடு நடப்பவர் சட்டென்று திரும்பிவிடலாம். அதே கம்பின் இரு முனையிலும் தண்ணீர்க் குடம் தொங்கினால் அப்படித் திரும்ப முடியுமா? அந்தக் கணக்குதான். சர்க்கரைக் கட்டிகளையும் ஐஸ் குச்சிகளையும் ஒட்டி முதல் மாதிரியைச் செய்து பார்த்தார் என்பார்கள்.

1959-இல் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில், வீட்டு கராஜில் முதல் பட்டரைச் செய்தார். பந்தில் பட்டதும் 'பிங்' என்று ஓசை கேட்டது. அதையே பெயராக வைத்துவிட்டார். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் அதன் உருவத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். பட்டர் வந்தது 1959-இல், வேலையை விட்டது 1967-இல். நடுவில் 8 வருடம்! பகலில் ஜெனரல் எலக்ட்ரிக் சம்பளம், ராத்திரியும் விடுமுறை நாளும் கராஜ். கம்பெனி அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்துக்கு மாற்றியபோது கராஜும் கூடவே போனது. பையன்கள் துளை போட்டார்கள், தேய்த்தார்கள். மனைவி லூயிஸ் கணக்கு எழுதினார். 1966-இல் ஒரு நாள் மனதில் தோன்றிய வடிவத்தை, பக்கத்தில் கிடந்த இசைத்தட்டின் உறைமேல் வரைந்தார். இதற்கு 'ஆன்சர்' என்று பெயர் வையுங்கள் என்று லூயிஸ் சொன்னார். பொறிக்க இடம் போதாததால் ஆங்கில எழுத்தில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் ஜூலியஸ் போரோஸ் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் அந்த பட்டரோடு ஃபீனிக்ஸ் ஓப்பன் போட்டியை ஜெயித்தார். அந்த 1967-இல்தான், 55 வயதில், சோல்ஹைம் வேலையை விட்டுச் சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

வேலையில் இருந்த வருடங்களை வீணாய்ப் போனவை என்று தம்பி நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடை எங்கே இருந்தால் ஒரு பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலுக்கேற்ற செருப்பு என்று வளர்ந்தவரின் கம்பெனிதான் பின்னாளில், ஆட்டக்காரரின் உடம்பை அளந்து அதற்கேற்ற மட்டை கொடுப்பதில் பெயர் வாங்கியது. இந்தக் கடைசி வரி என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, ஸ்ட்ரைக்கருக்கு வருவோம்.

இதுவரை 40 விற்றிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு? ஹாஸ்டல் நண்பன் வாங்குவது மொய் மாதிரி, அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. முகம் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கி, மறுபடியும் வந்து கேட்டாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன். அப்படி 5 பேர் இருந்தால்கூட அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

விதிப் புத்தகத்தையும் அவர் படித்திருக்க வேண்டும். கேரம் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமையும் விட்டம் 4.13 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது. இந்த விஷயத்தில் சோல்ஹைமே அடிபட்டவர். 1982-இல் வந்த அவருடைய 'ஐ2' மட்டைகளின் முகத்தில் சதுர வாட்டமான பள்ளக்கோடுகள் இருந்தன. ஓரம் கூர்மையாக இருந்து பந்தைக் கீறுகிறது என்று புகார் வர, ஓரத்தை மழுங்கடித்தார். அதனால் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி விதியளவைவிடக் குறைந்துவிட்டது என்றது அமெரிக்க கோல்ஃப் சங்கம். வழக்கு கோர்ட்டுக்குப் போய் 1990-இல் சமரசமானது. தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் அமைப்போடு நடந்த இன்னொரு வழக்கு 1993 வரை இழுத்தது. பெரிய கம்பெனி என்பதால் தாங்கியது. 40 ஸ்ட்ரைக்கர் விற்றவர் தாங்குவாரா?

காப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. 'ஆன்சர்' பட்டருக்கு 1967-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அதன் காலம் முடிந்த பிறகு ஊரில் உள்ள கம்பெனியெல்லாம் அந்த வடிவத்தில் பட்டர் செய்தது வேறு கதை. தம்பியின் வடிவத்தில் உண்மையிலேயே புதிதாக ஏதாவது இருந்தால், கண்காட்சியிலோ வீடியோவிலோ காட்டுவதற்கு முன் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடலாம். முழு விண்ணப்பம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். முதலில் காட்டிவிட்டு அப்புறம் ஓடினால், புதுமை போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். என்னிடம் வந்த ஒரு மாணவர் இப்படித்தான் பரிசுக் கோப்பையோடு வீட்டுக்குப் போனார், உரிமை கைநழுவிவிட்டது. போட்டிக்குப் போ போ என்று அவரை உற்சாகப்படுத்தியவனே நான்தான். இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் என் யோசனை இது. படிப்பை நிறுத்த வேண்டாம். ஸ்ட்ரைக்கரையும் நிறுத்த வேண்டாம். இன்னும் ஒன்றரை வருடம் கல்லூரி லேத் இலவசம். வெளியே வந்தால் அதற்கு வாடகை கொடுக்க வேண்டும். இறுதியாண்டு ப்ராஜெக்டாக இதையே எடுக்கட்டும்: எடையை ஓரத்துக்குத் தள்ளினால் ஸ்ட்ரைக்கர் எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து எழுதட்டும். டிகிரி முடித்து, உற்பத்தி சம்பந்தப்பட்ட ஒரு வேலையில் சேரட்டும். ஐ.டி. கம்பெனிச் சம்பளம் அதிகம் என்று அப்பா சொல்வார். இவருக்கு அச்சு வார்ப்பதும் பிளாஸ்டிக் பதப்படுத்துவதும் தெரிய வேண்டும், அதை மற்றவர் செலவில் கற்றுக்கொள்ளும் இடம் வேலைதான். எப்போது விடலாம் என்பதை ஆர்டர் நோட்டு சொல்லும்.

நோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. அக்ரிலிக் என்ன விலை, எத்தனை உடைந்தது, யார் பாக்கி என்று யாராவது எழுதுகிறீர்களா? லூயிஸ் இல்லாமல் அந்தக் கம்பெனி இல்லை என்பேன். அந்த வேலையை அப்பாவிடம் கொடுத்துப் பாருங்கள் அம்மா. மகனோடு பேச மாட்டார், ஆனால் 30 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவர் தப்புக் கூட்டலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் வாருங்கள். தம்பியை நாலைந்து ஸ்ட்ரைக்கர் கொண்டுவரச் சொல்லுங்கள், சரியாக வராததையும் சேர்த்து. என் வீட்டில் போர்டு இருக்கிறது, பவுடர்தான் தீர்ந்துவிட்டது.