தட்டு மாதிரி ஒரு செம்பருத்தி

கேள்வி: எனக்கு 44 வயது. வாட்டர்கலர் வகுப்புக்குப் போகிறேன். எங்கள் கொல்லையில் இருக்கும் செம்பருத்தியைப் போனில் படம் எடுத்து, அதைப் பார்த்து வரைகிறேன். “போட்டோவை அப்படியே காப்பி அடிக்காதீங்க, இஷ்டத்துக்கு மாத்துங்க” என்கிறார் டீச்சர். எதை மாற்றுவது, எதை விடுவது என்றே புரியவில்லை. பின்னால் தெரியும் சுவரையும் வாளியையும் எடுத்துவிடலாமா? இதற்கு நடுவே என் மாமியார் வேறு, “என்ன இது, தட்டு மாதிரி இருக்கு? நடுவுல நீட்டிட்டு இருக்குமே, அது எங்கே?” என்று தொந்தரவு செய்கிறார். அவருக்கு ஓவியம் தெரியாது. ஒரு வழி சொல்லுங்கள்.
- திருச்சி வாசகி

பதில்: வழியை உங்கள் மாமியார் சொல்லிவிட்டார். அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் தொந்தரவு.

பூவுக்கு நேர் எதிரே போனை நீட்டி எடுத்திருப்பீர்கள். அப்படி எடுத்தால் நடுத்தண்டு கேமராவை நோக்கியே நீண்டிருக்கும். படத்தில் அது வெறும் மஞ்சள் புள்ளி. காம்பும் பூவுக்குப் பின்னால் மறைந்துவிடும். நல்ல வெயிலில் எடுத்த சிவப்பு, போனில் பெரும்பாலும் ஒரே பூச்சாக அப்பிக்கொள்ளும். இதழின் நரம்பு, அடியில் உள்ள கருஞ்சிவப்பு எல்லாம் போய்விட்டால் மிச்சம் தட்டுதான். ஓவியம் தெரியாதவர் ஒரே பார்வையில் இதைப் பிடித்துவிட்டார். உங்களால் முடிந்ததா?

செடியை நட்டது யார் என்று நீங்கள் எழுதவில்லை. தினமும் காலையில் சாமிக்குப் பூப் பறிப்பது யார் என்றும் எழுதவில்லை. எனக்கு ஒரு ஊகம் உண்டு.

பழைய ஹாலந்து ஓவியர்கள் ஒரே பருவத்தில் பூக்காத பூக்களையெல்லாம் ஒரே ஜாடியில் வைத்து வரைந்தார்கள். ராஹெல் ரய்ஷ் (1664-1750) என்ற பெண்மணி, 10 பிள்ளைகளைப் பெற்றவர், 80 வயதைத் தாண்டியும் வரைந்தார். அவருடைய அப்பா தாவரவியல் பேராசிரியர். பூவை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்த வீட்டில் வளர்ந்தவர் என்பதால் இஷ்டத்துக்கு மாற்றும் துணிச்சல் வந்தது. உங்கள் வீட்டிலும் பூவைத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வாயை அடைத்துவிட்டு, சுதந்திரம் எங்கே கிடைக்கும் என்று எனக்குக் கடிதம் போடுகிறீர்கள்! மாமியார் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் மூத்தவர் வாய் திறந்தால் காது கொடுப்பது மருமகளின் கடமை, மகனுக்கும் அதே கடமைதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

நாளைக் காலை போனை உள்ளே வைத்துவிட்டு அவரோடு கொல்லைக்குப் போங்கள். சாதாரணச் செம்பருத்தி ஒரு நாள் பூ. சாயங்காலம் சுருண்டுவிடும், அதனால் காலையிலேயே. “அத்தை, காம்பு எந்தப் பக்கம் வளையும்?” என்று கேளுங்கள். பக்கவாட்டில் நின்று பென்சிலில் காம்பையும் தண்டையும் மட்டும் போட்டுப் பழகுங்கள். தண்டின் நுனியில் ஐந்து சின்னக் குமிழ்கள் இருக்கும், பாருங்கள். அப்புறம் வண்ணம்: இளஞ்சிவப்பில் முதல் வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய பூச்சு), வெளிச்சம் படும் இடத்தில் தாளை வெள்ளையாகவே விடுங்கள், ஈரம் காயும் முன் இதழின் அடியில் கருஞ்சிவப்பு. போட்டோ பக்கத்தில் கிடக்கட்டும், இலையின் விளிம்பில் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

சுவர், வாளி இரண்டையும் தாராளமாக எடுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.