கேப்டன் டாக்டர் எம்.டி. படிக்க வரும்போது: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

காசிமேட்டிலிருந்து ஒரு தாயார்: என் மகன் ராணுவ மருத்துவப் பிரிவில் குறுகிய காலப் பணியில் கேப்டனாக இருக்கிறான். அடுத்த வருஷம் ஜூலையோடு 5 வருஷம் முடிகிறது. வடசென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.டி. மேற்படிப்பு படிக்க ஆசைப்படுகிறான். இந்த வருஷமே அதற்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதி, சீட் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு வரலாமா?

பழக்கத்துக்காக எழுதட்டும் அம்மா. ஆனால் அந்த மார்க்கை நம்பி வேலையை விட வேண்டாம். ராஜினாமா கடிதம் கொடுத்த கையோடு ராணுவத்திலிருந்து வெளியே வந்துவிட முடியாது. மேலிட ஒப்புதல், கணக்கு முடிப்பு, நோ டியூஸ் (பாக்கியில்லைச் சான்று) என்று மாதக்கணக்கில் இழுக்கும். கல்லூரியோ சேர்வதற்குச் சில நாட்கள்தான் தரும். விடுவிப்பு ஆணை கையில் இல்லாவிட்டால் சீட் போய்விடும். அகில இந்தியக் கலந்தாய்வின் முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் நஷ்டமில்லை. 2ஆம் சுற்றில் சேராவிட்டால் காப்புத்தொகை போகும். பொதுப்பிரிவுக்கு அது 25,000 ரூபாய். 3ஆம் சுற்றுக்குப் பிறகு விதிகள் இன்னும் கடுமை. சீட்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கவும் வழியில்லை, இந்த வருஷ மார்க் அடுத்த வருஷம் செல்லவும் செல்லாது.

இன்னொரு இழப்பு பலருக்குத் தெரிவதில்லை. ஒப்பந்தக் காலத்தை முழுதாக முடித்து, பணிக்கொடையோடு வெளிவருபவர்தான் 'முன்னாள் படைவீரர்'. சொந்த வேண்டுகோளில் நடுவில் வந்தால் அந்தத் தகுதி கிடைக்காது. இன்னும் சில மாதங்கள்தானே, முடித்துவிட்டே வரட்டும்.

விடுவிப்புத் தேதியை முதலில் உறுதி செய்துகொண்டு, மற்றதை அதற்கேற்ப அமைப்பதுதான் சரி. தேர்வுத் தேதியை நம்பித் திட்டம் போட முடியாது. 2024இல் ஜூன் 23 என்றார்கள், முந்தின நாள் இரவு ஒத்திவைத்து ஆகஸ்ட் 11 நடத்தினார்கள். 2025இல் ஜூன் 15 என்றிருந்தது, ஒரே ஷிப்டில் நடத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால் ஆகஸ்ட் 3 ஆனது. தேர்வு முடிந்து கலந்தாய்வு தொடங்கவும் கொஞ்ச காலம் பிடிக்கும். உங்கள் மகனுக்கு ஜூலையில் விடுதலை என்பது நல்ல அமைப்பு. அடுத்த வருஷத் தேர்வு ஜூனில் வந்தாலும் ஆகஸ்டில் வந்தாலும், கல்லூரியில் சேரும் நேரத்தில் அவர் வெளியே இருப்பார். பிப்ரவரியில் முடிகிறவர்களுக்குத்தான் சிக்கல்: முந்தைய ஆகஸ்டில் எழுதினால் சேரும் நாளில் பணியில் மாட்டியிருக்கக்கூடும். அவர்கள் வெளிவந்த பிறகு வரும் தேர்வைக் குறிவைப்பது நல்லது. பணி நீட்டிப்பு வேண்டாம் என்பதை இப்போதே எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.

ஸ்டான்லி விஷயம். வடசென்னைக்காரர் என்பதற்காக மேற்படிப்பில் இடம் கிடையாது. இருப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு முதுநிலை மருத்துவத்தில் செல்லாது என்று 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படித்த கல்லூரியை வைத்துத் தரும் முன்னுரிமை மட்டும் ஓரளவு இருக்கலாம் என்றது. ஆக, எம்.பி.பி.எஸ். எங்கே படித்தார் என்பதுதான் இனி முக்கியம். மாநில அரசுப் பணியில் உள்ள டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டில் ராணுவப் பணி சேராது. எல்லையில் உழைத்த 5 வருஷத்துக்கு இங்கே மதிப்பெண் இல்லை என்பது எங்களுக்கும் வருத்தம்தான். ஆனால் புனே ஏ.எஃப்.எம்.சி. (ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி) போன்ற ராணுவக் கல்லூரிகளின் மேற்படிப்பில், காலம் முடித்து விடுபட்ட குறுகிய கால அதிகாரிகளுக்குத் தனி முன்னுரிமைப் பிரிவு உண்டு. அதையும் விண்ணப்பத்தில் விட்டுவிடக் கூடாது. ஊரில்தான் இருக்க வேண்டும் என்றால் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையின் டி.என்.பி. (எம்.டி.க்கு நிகரான மேற்படிப்பு) இடங்களையும் பார்க்கட்டும். அதற்கும் இதே நீட் மார்க்தான்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் மருத்துவர்: 3 வருஷமாக ராணுவ மலை முகாமில் ஆர்.எம்.ஓ.வாக (படைப்பிரிவு மருத்துவ அதிகாரியாக) இருக்கிறேன். நீட் பி.ஜி.க்குப் படிப்பை எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் பார்க்காத நோயாளியிலிருந்து. எம்.ஐ. ரூமில் (முகாம் மருத்துவ அறையில்) சிக் ரிப்போர்ட்டுக்கு, அதாவது உடம்பு சரியில்லை என்று காட்ட, வருபவர் திடமான இளைஞர். அடிபட்ட கால், பனிக்கடி, உயர மலை நுரையீரல் வீக்கம். பிரசவம், பச்சிளங்குழந்தை, சர்க்கரைப் புண்ணோடு வரும் 70 வயதுக்காரர் ஆகியோரைப் பார்த்தே நாளாகியிருக்கும். மார்க் அங்கேதான் கசியும். ஒன்றைப் பாருங்கள்: பிரசவ வலியின் தீவிரக் கட்டம் கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. விரிந்ததும் தொடங்கும் என்று பார்ட்டோகிராம் (பிரசவ முன்னேற்ற வரைபடம்) வரைந்திருப்பீர்கள். 2020இல் உலக சுகாதார நிறுவனம் தந்த புதிய படிவத்தில் அது 5 செ.மீ. காசநோய்த் திட்டத்துக்கும் அதே வருஷம் பெயர் மாறியது. பழைய நோட்டை அப்படியே புரட்டினால் இப்படிப்பட்ட இடங்களில் தவறும். மகப்பேறு, குழந்தை மருத்துவம், சமூக மருத்துவம் மூன்றையும் புதிய பதிப்பில் முதலில் முடியுங்கள்.

நீட் பி.ஜி.யில் 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. 2025 தேர்வில் 40 கேள்விக்கு 42 நிமிடம் என 5 பகுதிகள்; நேரம் முடிந்தால் அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது. அதனால் முகாமில் இணையம் இல்லாத நாளிலும் கடிகாரம் வைத்து 40 கேள்வியாகப் பழகுங்கள். இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் துணிந்து குறிக்கலாம், சராசரியாக ஒன்றரை மார்க் ஆதாயம். 60 நாள் ஆண்டு விடுப்பைக் கல்யாணம், காதுகுத்து என்று துண்டாக்காமல் ஒரே மூச்சாகத் தேர்வுக்கு முன்னால் எடுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு மனைவி: கணவர் வெளியே வந்தால் குடும்பச் செலவுக்கு என்ன வரும்?

ஓய்வூதியம் வராது. பணிக்கொடை வரும்: முடித்த ஒவ்வொரு அரையாண்டுக்கும் அரை மாத ஊதியம், அதாவது 5 வருஷத்துக்கு 5 மாத ஊதியம். டி.எஸ்.ஓ.பி. (ராணுவ அதிகாரிகளின் சேமநல நிதி) சேமிப்பும் குழுக் காப்பீட்டுத் தொகையும் தனி. எல்லாம் ஒரே நாளில் கணக்கில் விழாது, 6 மாதச் செலவை முன்கூட்டி ஒதுக்குங்கள். மேற்படிப்பின்போது கிடைக்கும் உதவித்தொகை ராணுவச் சம்பளத்தை விடக் குறைவு. கார் கடன் தவணை ஓடினால் பணியில் இருக்கும்போதே அடைத்துவிடுவது நல்லது. அரசுக் கல்லூரியில் சேர்ந்தால், படிப்புக்குப் பிந்தைய கட்டாயப் பணி ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு தந்தை: சான்றிதழ்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

இனிஷியலை. மதிப்பெண் பட்டியலில் 'கா. சரவணன்' என்றிருக்கும், ராணுவப் பதிவில் 'சரவணன் காசிநாதன்' என்றிருக்கும். சரிபார்ப்பு மேஜையில் இரண்டும் வெவ்வேறு ஆளாகிவிடும். யூனிட்டில் இருக்கும்போதே பார்ட்–2 ஆர்டரில் (பணிப்பதிவு மாற்றங்களை வெளியிடும் யூனிட் ஆணையில்) திருத்தச் சொல்லுங்கள். வெளியே வந்தபின் அதே வேலைக்கு அலைச்சல் பல மடங்கு. வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு மாற்ற அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பிற்பட்ட வகுப்பினருக்கு மாநிலச் சாதிச் சான்று மட்டும் போதாது. அகில இந்தியக் கலந்தாய்வுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று வேண்டும். அதில் கணக்கு மகனின் ராணுவச் சம்பளம் அல்ல, பெற்றோரின் பதவியும் வருமானமும்தான். இ–சேவையில் விண்ணப்பிக்கும்போது இதைச் சொல்லியே கொடுங்கள்.